இரண்டாவது சப்வூபர் எதற்கு? – ஒரு சிறு வரலாறு



பள்ளி விடுமுறை நெருங்கும்போது பெற்றோர் சிலர் பாடத்திற்குத் தொடர்பில்லாத ஐயங்களையும் என்னிடம் கேட்பதுண்டு. வீட்டு ஒலியமைப்பில் எனக்கு ஈடுபாடு உண்டு என்பதை அறிந்தவர்கள் அவர்கள். அண்மைக் காலமாக அடிக்கடி வரும் கேள்வி இது: “சார், வீட்டில் ஒரு சப்வூபர் இருக்கிறது. இன்னொன்று வாங்கி வைத்தால் சத்தம் கூடுமா?”

சத்தம் கூடும் என்பது உண்மையே. ஆனால், இரண்டாவது பெட்டியைச் சேர்ப்பதன் முதன்மை நோக்கம் அதுவன்று. ஒரே அறையில் அமர்ந்திருக்கும் அனைவருக்கும் ஒரே அளவான ஒலி சென்று சேர வேண்டும் என்பதே அதன் நோக்கம். இந்தத் தெளிவு பிறப்பதற்கு ஒலியியல் அறிஞர்களுக்கு நெடுங்காலம் பிடித்தது. அந்த வரலாற்றில் ஆசிரியர்களின் பங்கு பெரிது. ஆகவே, நம் பக்கத்தில் அதனை எழுதி வைப்பது பொருத்தம் என்று கருதுகிறேன்.

அறையும் ஒலியின் ஒரு பகுதியே

1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடம் திறக்கப்பட்டது. அதன் விரிவுரை மண்டபத்தில் விரிவுரையாளர் பேசுவது எவருக்கும் விளங்கவில்லை. சொன்ன சொல் ஏறத்தாழ ஐந்தரை விநாடி வரை மண்டபத்திலேயே முழங்கிக்கொண்டிருந்தது. முந்தைய சொல் அடங்குவதற்குள் அடுத்த பத்துச் சொற்கள் அதன்மேல் வந்து விழுந்தன.

இக்குறையைத் தீர்க்கும் பொறுப்பு வாலஸ் கிளமென்ட் சேபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் இரவு நேரங்களில் அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை மண்டபத்துக்குக் கொண்டுவரச் செய்தார். ஓர் ஆர்கன் குழலை ஒலிக்கவிட்டு, அது அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தைகளைக் கூட்டியும் குறைத்தும் மீண்டும் மீண்டும் அளந்தார். அவர் கண்டறிந்த கணக்கின் துணையுடன்தான் 1900இல் பாஸ்டன் சிம்பொனி மண்டபம் எழுந்தது. பேசுபவர், கேட்பவர் ஆகியோருடன் அறையும் மூன்றாவதாகச் சேர்ந்துகொள்கிறது என்பதை அளந்து காட்டியவர் அவர்.

சேபின் ஆராய்ந்தது எதிர்முழக்கத்தை. தாழ்ந்த ஒலிகளுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஓர் அடியை விடச் சற்றே அதிகம். 20 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ 17 மீட்டர். நம் வரவேற்பறைக்குள் அந்த அலை முழுமையாக நீண்டு படுக்கவும் இடமில்லை. சுவர்களில் மோதித் திரும்பித் தன்மேல் தானே விழுந்து, நிலையலையாகிறது. 1877இலும் 1878இலும் இரு தொகுதிகளாக வெளிவந்த ரேலி பிரபுவின் ஒலியியல் நூல், மூடிய அறைக்குள் காற்று இவ்வாறு அதிர்வதைக் கணித வழியில் விளக்கியிருந்தது.

இதனைப் பிள்ளைகளுக்கு ஒரு நீள்சதுரத் தொட்டியில் நீர் ஊற்றிக் காட்டலாம். தொட்டியின் ஒரு முனையை மெல்ல அசைத்தால், நீர் இரு முனைகளிலும் மாறி மாறி ஏறி இறங்கும். நடுவில் மட்டும் நீர்மட்டம் அசையாதது போல் நிற்கும். அறையில் காற்றழுத்தமும் இவ்வாறே நடந்துகொள்கிறது. 6 மீட்டர் நீளமுள்ள ஓர் அறையில் ஏறத்தாழ 29 ஹெர்ட்ஸ் ஒலி இந்நிலையை அடைகிறது. அப்போது சுவரோரம் இருப்பவருக்கு நெஞ்சு அதிரும். அறையின் நடுவில் இருப்பவருக்கு அந்த ஒலி ஏறக்குறைய இல்லை. 57 ஹெர்ட்ஸில் நடுவிலும் ஒலி பெருகும். ஆனால், இரு சுவர்களிலிருந்தும் ஒன்றரை மீட்டர் தொலைவில் வெற்றிடம் விழும்.

பெட்டி சிறுத்த கதை

இன்று நாம் காணும் ஒலிபெருக்கியின் அடிப்படை வடிவத்தை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவரும் 1925இல் வெளியிட்டனர். காந்தத்தின் நடுவே அசையும் கம்பிச்சுருள் ஒரு கூம்பை முன்னும் பின்னும் தள்ளும் முறை அது. ஆனால், அம்முறையில் ஆழ்ந்த தாழொலியைப் பெறுவதற்கு அலமாரி அளவுக்குப் பெரிய பெட்டி தேவைப்பட்டது.

அந்த நிலையை மாற்றியவர் எட்கர் வில்சர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலி மீட்பு பற்றிய வகுப்பினை நடத்தியவர். காற்றுப்புகாமல் மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்தலாம் என்பது அவர் கண்ட வழி. அவருடைய மாணவர் ஹென்றி க்ளாஸ் அவருடன் இணைந்தார். ஆசிரியரும் மாணவரும் 1954இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கி, ஏஆர்-1 என்ற ஒலிபெருக்கியை வெளியிட்டனர்.

நான்கு ஆண்டுகளில் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தன. ஒரு வீட்டுக்கு இரண்டு பெட்டிகள் தேவைப்பட்டன. சிறு பெட்டிகள் இருந்தமையால் அது இயன்றது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்டீரியோவில் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக, தாழொலி இரண்டு இடங்களிலிருந்து புறப்பட்டது.

ஆஸ்திரேலியாவின் பங்கும் குறிப்பிடத்தக்கது. துளையுள்ள பெட்டிகளின் இயல்பைக் கணக்கிடும் முறையை நெவில் தீல் 1961இல் வெளியிட்டார். சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் 1970களில் அதனை விரிவுபடுத்தினார். இன்றும் உலகெங்கும் ஒலிபெருக்கி செய்பவர்கள் ‘தீல்-ஸ்மால்’ அளவுகளைக் கொண்டே பெட்டியை வடிவமைக்கின்றனர்.

இரண்டு ஒன்றான காலம்

பின்னர் தாழொலிக்கென்று தனிப்பெட்டி வந்தது. 1968இல் இன்பினிட்டி நிறுவனம் வெளியிட்ட சர்வோ-ஸ்டாட்டிக் அமைப்பில், இடம் வலம் ஆகிய இரு பக்கங்களுக்கும் பொதுவாக 18 அங்குலத் தாழொலிபெருக்கி ஒன்றே இருந்தது.

பொதுமக்கள் இதன் வலிமையை உணர்ந்தது திரையரங்கில்தான். 1974 நவம்பரில் ‘எர்த்குவேக்’ என்ற திரைப்படம் வெளிவந்தது. நிலநடுக்கக் காட்சிகளில் அரங்கையே அதிரச் செய்ய, யுனிவர்சல் நிறுவனம் ‘சென்சரவுண்ட்’ என்ற முறையைக் கையாண்டது. செர்வின்-வேகா நிறுவனம் செய்த பெரும் பெட்டிகள் அரங்கின் முன்னும் பின்னும் வைக்கப்பட்டன. ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டரில் கூரைப்பூச்சு உதிர்ந்து மக்கள் தலையில் விழாதிருக்க வலை கட்டினார்கள் என்றால் அதன் வேகத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

1980களில் டாம்லின்சன் ஹோல்மன் என்ற பொறியாளர் திரையரங்குகளுக்கான டிஎச்எக்ஸ் நெறிமுறையை வகுத்தார். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை நம் காதுகளால் எளிதில் பிரித்தறிய இயலாது. அந்த அலையின் நீளம் 4 மீட்டருக்கும் மேல். நம் இரு காதுகளுக்கு இடைப்பட்ட தூரமோ ஒரு சாண். ஆகவே, வீட்டு ஒலியமைப்பிலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழானவற்றைத் தனிப்பெட்டிக்கு அனுப்பும் வழக்கம் நிலைபெற்றது. 1987இல் ‘5.1’ என்ற பெயரை முன்மொழிந்தவரும் அவரே. ஐந்து முழுத்தடங்கள், அத்துடன் தாழொலிக்கு மட்டுமான சிறு தடம் ஒன்று. 1992இல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தின் வழியே டால்பி டிஜிட்டல் திரையரங்குக்கு வந்தது. 1996இல் ஜப்பானில் டிவிடி விற்பனைக்கு வந்தது. அதன்பின் ‘ஹோம் தியேட்டர்’ என்ற சொல் நம் மலேசிய வீடுகளிலும் புழங்கலாயிற்று.

‘.1’ என்பது ஒலித்தடத்தின் எண்ணிக்கை, பெட்டியின் எண்ணிக்கையன்று. ஆயினும், கடைகளில் ஐந்து சிறு பெட்டிகளையும் ஒரு பெரிய பெட்டியையும் ஒரே அட்டைப்பெட்டியில் கட்டி விற்றதால், சப்வூபர் என்றால் ஒன்றுதான் என்ற எண்ணம் மக்களிடம் ஊன்றிவிட்டது. திசை அறியாத காதுக்கு ஒரு பெட்டி போதும் என்ற வாதம் காதைப் பொறுத்தவரை சரியானதே. அறையைப் பொறுத்தவரை அது போதவில்லை.

ஒன்று மீண்டும் இரண்டாகிறது

கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் நெடுங்காலம் ஆய்வு செய்த ஃபுளோய்ட் டூல் 1991இல் ஹார்மன் நிறுவனத்தில் சேர்ந்தார். அந்நிறுவனத்தின் ஆய்வாளர் டாட் வெல்டி, ஓர் அறைக்கு எத்தனை சப்வூபர் போதும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, 2002இல் ஒலிப்பொறியியல் சங்க மாநாட்டில் தம் ஆய்வினைப் படைத்தார். அவர் அளவுகோலாகக் கொண்டது ஒலியின் உரப்பையன்று. ஓர் இருக்கைக்கும் மற்றோர் இருக்கைக்கும் இடையே உள்ள வேறுபாட்டை. நீள்சதுர அறையில் எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக இரண்டு பெட்டிகளை வைத்தால் அவ்வேறுபாடு வெகுவாகக் குறைகிறது என்று அவர் காட்டினார். நான்கு பெட்டிகள் இன்னும் நன்று. நான்குக்கு மேல் பெருக்குவதால் குறிப்பிடத்தக்க பயனில்லை.

காரணத்தை அதே நீர்த்தொட்டியில் காணலாம். தொட்டியின் இரு முனைகளிலும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் நீரை அழுத்திப் பாருங்கள். ஒரு முனை ஏறி மறுமுனை இறங்கும் அந்த ஊசலாட்டம் பிறப்பதேயில்லை. ஒரு பெட்டி எழுப்பும் ஏற்றத்தை மற்றொன்று சமன் செய்துவிடுகிறது. ஒன்றாக ஒலிக்கும் இரண்டையும் அருகருகே அடுக்கி வைத்தால் ஒலியழுத்தம் இருமடங்காகி 6 டெசிபல் கூடும். ஆனால், மேடு மேடாகவும் பள்ளம் பள்ளமாகவுமே இருக்கும். எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பயன் இருக்கிறது.

என் வீடு ஒரு வரிசை வீடு. வரவேற்பறையின் நடுவில் நான் அமரும் நாற்காலியில் தாழொலி மெலிந்து கேட்கும். சுவரோரச் சோபாவில் அமரும் என் தாயாரோ, “தலைக்குள் இடிக்கிறதுப்பா” என்று எழுந்து சமையலறைக்குச் சென்றுவிடுவார். எனக்குக் கேட்கும்படி ஒலியைக் கூட்டினால் அவருக்குத் துன்பம். பொதுச்சுவருக்கு அப்பால் இருக்கும் அண்டை வீட்டாருக்கும் துன்பம். எதிர்ச்சுவரின் நடுவில் இரண்டாவது பெட்டியை வைத்த பிறகு, ஒலியின் அளவை முன்பைவிடக் குறைத்தே வைக்க முடிந்தது. இப்போதெல்லாம் அம்மா படம் முடியும்வரை எங்களுடன் அமர்ந்திருக்கிறார்.

வாங்க எண்ணுவோருக்குச் சில குறிப்புகள்:

முதலில், கையிலுள்ள ஒரு பெட்டிக்கே சரியான இடம் தேடுங்கள். நீங்கள் அமரும் இடத்தில் பெட்டியை வைத்து இசையை ஒலிக்கவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து சென்று கேளுங்கள். எங்கே ஒலி சீராகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வையுங்கள். ஒலி எழும் இடமும் கேட்கும் இடமும் ஒன்றுக்கொன்று மாறினாலும் விளைவு மாறாது என்று ரேலி பிரபு விளக்கிய விதியே இதற்கு அடிப்படை.

இரண்டாவது வாங்கினால், முடிந்தவரை அதே வகையை வாங்குங்கள். இரண்டின் ஒலியளவையும் சமமாக வையுங்கள். ‘பேஸ்’ பொத்தானைச் சரிசெய்யும்போது உங்கள் நாற்காலியில் மட்டும் அமர்ந்து கேட்காமல், வீட்டிலுள்ள மற்றவர்களின் இருக்கைகளிலும் அமர்ந்து கேளுங்கள்.

பணம் இல்லையேல் கவலை வேண்டா. நாற்காலியை அறையின் நடுவிலிருந்து சற்று நகர்த்தினாலே பாதிப் பயன் கிட்டும்.

ஆசிரியர் நண்பர்களுக்கு ஒரு சொல். நாற்பது மாணவர்கள் அமர்ந்த வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளைக்குக் கேட்கவில்லை என்றால் நாம் முதலில் செய்வது குரலை உயர்த்துவதுதான். முன்வரிசைப் பிள்ளை காதைப் பொத்திக்கொள்கிறது. கடைசிப் பிள்ளைக்கு அப்போதும் விளங்குவதில்லை. நடுவில் நடந்து சென்று, பின்வரிசையருகே நின்று அதே பாடத்தை மெல்லிய குரலில் சொன்னால் போதும். வரும் வாரம் ஒரு நாள், உங்கள் வகுப்பின் கடைசி இருக்கையில் அமர்ந்து, ஒரு மாணவரை முன்னால் நிறுத்திப் படிக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். என்ன கேட்டது என்பதை எனக்கும் எழுதுங்கள்.