கடல் கடந்தவர் காய்ச்சலும் கட்டணமும்

கும்பகோணத்துக்குத் தெற்கே, குடமுருட்டியாறு பாயும் நெல்வயல்களின் நடுவே அமைந்த வலங்கைமானில், வரதராஜம்பேட்டைத் தெரு மகாமாரியம்மன் சந்நிதியில் பங்குனி மாதத்து இரண்டாம் ஞாயிறன்று நடக்கும் பாடைக்காவடித் திருவிழாவைப் பற்றிக் கேள்விப்படாதவர் தஞ்சைத் தரணியில் அரியர். வைத்தியர் கைவிரித்த நோயிலிருந்து மீண்டவர்கள், தாம் நேர்ந்துகொண்டபடி, மூங்கிலால் கட்டிய பாடையில் படுத்து, உறவினர் தோள்கொடுக்க, முன்னே ஒருவர் தீச்சட்டி ஏந்திச் செல்ல, இறந்தவர்க்குரிய சடங்குகளோடு சுமக்கப்பட்டு, ஆலயத்தை வலம்வந்து, பூசாரி தீர்த்தம் தெளித்து விபூதி இட்டபின் எழுந்து வீடு செல்கின்றனர். இந்தப் பிரார்த்தனையில் ஒரு தெளிவான கணக்கு உண்டு. பிணி தீர்ந்த பின்னரே கடன் செலுத்தப்படுகிறது. செலுத்துகிறவனுடைய சக்திக்கு மீறியதை அம்மன் கேட்பதில்லை. இதே வட்டாரத்திலிருந்து கப்பலேறிப் பிழைக்கப்போனவர்கள் சென்ற இடங்களில் கண்ட கணக்கு இதற்கு நேர்மாறானது: முதலில் பணம், பிறகு வைத்தியம்; பணமில்லையேல் வேலை, வேலையுமில்லையேல் விதி.

அயல்நாட்டில் வைத்தியச் செலவு தாங்கவில்லை என்று இன்று நம் உறவினர் எழுதுவதும் தொலைபேசியில் புலம்புவதும் புதிய குறையன்று. அது ஏறக்குறைய நூற்றறுபது ஆண்டுச் சரித்திரம் உடையது. அந்தச் சரித்திரத்தின் ஒரு முக்கியமான அத்தியாயத்தில் வலங்கைமானில் பிறந்த ஒருவரே பிரதான பாத்திரமாக இருக்கிறார் என்பதனால், அதனை இவ்வூரை முன்னிட்டுச் சொல்வது பொருத்தமே.

காவேரி பாயும் இந்நாட்டில் வைத்தியம் எவ்வாறு பேணப்பட்டது என்பதை முதலில் நினைவுகொள்ள வேண்டும். சோழர் காலத்துச் சாசனங்களில் வைத்தியபோகம், விஷஹரபோகம் என்னும் பெயர்களால் மருத்துவர்களுக்கும் விஷக்கடி தீர்ப்போருக்கும் நிலம் விடப்பட்ட செய்தி காணப்படுகிறது. வைத்தியனுக்கு ஊர் நிலம் கொடுத்தது. வைத்தியன் ஊருக்குச் சிகிச்சை கொடுத்தான். வீரராஜேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, பதினைந்து கட்டில்கள் கொண்ட ஓர் ஆதுலசாலையையும், அதில் நோய் நாடும் வைத்தியர் ஒருவரையும், சல்லியக்கிரியை செய்பவர் ஒருவரையும், மருந்து சேகரிக்கும் ஆட்களையும், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்களையும், இவர்களுக்கெல்லாம் அளக்கவேண்டிய நெல்லையும் விவரமாகப் பட்டியலிடுகிறது. படுத்திருந்த நோயாளியிடம் கட்டணம் வாங்கும் ஏற்பாடு அதில் இல்லை.

தஞ்சை மராட்டியர் காலத்தில் இந்த மரபு சத்திரங்களின் வழியாகத் தொடர்ந்தது. இரண்டாம் சரபோஜி மன்னர் 1801ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பினியின் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், இராமேசுவர மார்க்கத்திலுள்ள தம் சத்திரங்களில் பிராமணர் முதல் பறையர் ஈறாக எல்லா யாத்திரிகர்களுக்கும் அன்னம் அளிக்கப்படுவதையும், வழியில் நோயுற்றவர்களுக்கு ஔஷதமும் அதற்கேற்ற பத்திய உணவும் தந்து குணமாகும்வரை வைத்திருப்பதையும் எடுத்துரைத்து, அந்தத் தர்மங்களுக்கு இடையூறு நேரலாகாது என்று வேண்டினார். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் இந்த அறத்தின் கீர்த்திமிக்க சின்னமாக இன்றும் நிற்கிறது. தன்வந்திரி மகாலில் சரபோஜி மன்னர் பல வைத்திய முறையினரையும் ஒன்றுசேர்த்து மருந்துகளைப் பரீட்சித்ததும், அதன் பயனாகச் சரபேந்திர வைத்திய முறைகள் என்ற சுவடித் தொகுதி உண்டானதும் யாவரும் அறிந்தவை. இங்கே கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றே: சத்திரத்து வாசலில் ஒருவனுக்குச் சிகிச்சை கிடைத்தது, அவன் எவரிடம் வேலை செய்கிறான் என்பதனால் அன்று, ஊரைவிட்டு வந்தவன், வழியில் விழுந்தவன் என்பதனால்தான். அந்நியனாக இருப்பதே அவனுடைய உரிமைச் சீட்டு.

இதனால் அக்காலத்துத் தஞ்சை பூலோக சுவர்க்கமாக இருந்தது என்று எண்ணிவிடலாகாது. வழிப்போக்கனுக்கு ஔஷதம் கொடுத்த அதே நாட்டில், வயலில் சேற்றை மிதித்த பண்ணையாள் நோய் கண்டால் மிராசுதாரிடம் கைநீட்டியே மருந்துக்குக் காசு பெறவேண்டியிருந்தது. கலியாணத்துக்கும் சாவுக்கும் வாங்கியதோடு அந்தக் காசும் கடனாகச் சேர்ந்து, அவனையும் அவன் மக்களையும் பண்ணைக்குக் கட்டிப்போட்டது. மிராசுதார்கள் நிதி கொடுக்காமலில்லை. தஞ்சாவூரில் ராசா மிராசுதார் மருத்துவமனை என்று இன்றும் வழங்கும் ஆசுபத்திரி அவர்களுடைய பெயரைத் தாங்கியே நிற்கிறது. ஆனால் அவர்களுடைய பண்ணைகளிலிருந்தே ஆட்கள் இரவோடிரவாகப் புறப்பட்டு, நீடாமங்கலத்தில் ரயிலேறி, நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்கள். கூலி ரொக்கமாகக் கிடைக்கும் என்பது முதல் ஆசை. காய்ச்சல் வந்தால் தோட்டத்துரையின் ஆசுபத்திரி உண்டு என்று ஆள் சேர்க்கவந்த கங்காணி சொன்னதும் அந்த ஆசையில் கலந்திருந்தது.

துரையின் ஆசுபத்திரி எப்படி இருந்தது என்பதைத் தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலின் சரித்திரம் முதலில் வெளிப்படுத்தியது. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி டர்பன் துறையை அடைந்தது முதல், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் சென்றவண்ணம் இருந்தனர். ஒப்பந்தம் முடிந்து 1871இல் சென்னைக்குத் திரும்பிய முதற்கூட்டத்தார், சவுக்கடியையும் கூலி பாக்கியையும் பற்றி மட்டுமல்லாமல், நோயுற்றுப் படுத்த நாட்களுக்குக் கூலி பிடிக்கப்பட்டதையும் முறையிட்டனர். இந்திய சர்க்கார் மேற்கொண்டு ஆள் அனுப்ப அனுமதி மறுத்தது. நேட்டால் 1872இல் விசாரணைக் கமிஷன் அமைத்து, குடியேறிகளுக்கென்று பாதுகாவல் அதிகாரி ஒருவரை நியமிக்க இசைந்த பின்னரே கப்பல்கள் மறுபடி புறப்பட்டன. அனுப்பும் நாடு கதவைச் சாத்தினால்தான் பெறும் நாடு காது கொடுக்கும் என்ற பாடம் அன்றே எழுதப்பட்டுவிட்டது.

அதே 1872இல் இலங்கையில், காப்பித் தோட்டத் தொழிலாளருக்கென்று மருத்துவத் தேவைச் சட்டம் ஒன்று பிறந்தது. மலைநாட்டு வழிகளில் கொள்ளைநோயும் காய்ச்சலும் வாரிக்கொண்டு போனவர்களின் எண்ணிக்கை வெளியே பேசப்பட்ட பிறகே, துரைமார்களிடம் பணம் வசூலித்து வைத்திய வசதி செய்யும் எண்ணம் சட்டவடிவம் பெற்றது. மலாயாவில் ரப்பர் பெருகியபோது இந்தக் கதை இன்னும் பெரிய அளவில் நடந்தது. பினாங்குக்கு அருகே ஜெரஜாக் தீவில் கப்பலிலிருந்து இறக்கி, அம்மை குத்தி, நாட்கணக்கில் தனித்து வைத்துப் பின்பு தோட்டத்துக்கு அனுப்பப்பட்டவர்களுக்காக அங்கே மலேரியா காத்திருந்தது. 1901 முதல் கிள்ளானிலும் சுவெட்டென்ஹாம் துறைமுகத்திலும் மால்கம் வாட்சன் என்ற வைத்தியர் சதுப்பு நிலத்தை வடித்தும் காட்டை வெட்டியும் கொசுவை ஒடுக்கிக் காட்டியது வைத்திய சரித்திரத்தில் ஒரு மைல்கல். பின்னர் தோட்டங்களில் அவ்வேலைக்குத் துரைமார் பணம் செலவிட்டது கருணையினால் என்பதைவிட, செத்த கூலிக்குப் பதில் புதுக் கூலியைக் கப்பலில் கொண்டுவருவது அதிகச் செலவு என்று கணக்குப் பார்த்ததனால் என்பதே உண்மைக்கு அருகில் இருக்கும்.

தோட்டத்தில் ஆசுபத்திரி வைத்து இலவசமாக மருந்து தரவேண்டுவது முதலாளியின் கடமை என்று மலாயாச் சட்டம் விதித்தது மெய்தான். டிரஸ்ஸர் என்று ஜனங்கள் அழைத்த ஆசுபத்திரி உதவியாளர், காலையில் கொயினா மருந்தை வாயில் ஊற்றி விழுங்கும்வரை பார்த்து நின்றதும் மெய்தான். ஆனால் பெரட்டு என்னும் விடியற்காலை ஆள்கணக்கில் பெயர் விழாதவனுக்கு அன்றைக் கூலி இல்லை. காய்ச்சலோடு பால் மரம் சீவப் போவதா, கூலியை இழந்து கட்டிலில் படுப்பதா என்ற தர்மசங்கடத்தில் அவன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. மருந்துக்கு விலை இல்லை. படுக்கைக்கு விலை இருந்தது. மேலும் அந்த இலவசம் தோட்டத்தின் எல்லையோடு முடிந்தது. தோட்டத்தைவிட்டுப் பட்டணத்துக்கு வந்து மூட்டை தூக்கியவனும், ரிக்‌ஷா இழுத்தவனும், பலகாரம் விற்றவனும் வைத்தியத்துக்குத் தன் மடியையோ பிறர் தர்மத்தையோ நம்பவேண்டியவர்களானார்கள்.

அந்தத் தர்மமும் சில இடங்களில் தழைத்தது. டர்பனில் டாக்டர் பூத் என்பவர் பார்ஸி ருஸ்தம்ஜியின் நன்கொடையைக்கொண்டு நடத்திய சிறு இலவச ஆசுபத்திரியில், வக்கீலாக இருந்த காந்தியடிகள் தினந்தோறும் சிறிது நேரம் மருந்து கலந்து கொடுக்கும் பணியை ஏற்று, ஒப்பந்தக் கூலிகளான தமிழர், தெலுங்கர், வடநாட்டவர் ஆகியோரின் துன்பத்தை அங்கே நெருங்கி அறிந்தார். இன்னொரு பக்கம், கடல் கடந்தவர்கள் தங்கள் மாரியம்மனையும் உடன் அழைத்துச் சென்றனர். சிங்கப்பூரில் 1827லேயே நாராயண பிள்ளையின் முயற்சியால் அம்மனுக்குக் கோயில் உண்டாயிற்று. வைசூரிக்கு அஞ்சியவர்களுக்கும், வைத்தியனுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்களுக்கும் அவள் சந்நிதியே ஆதுலசாலையாக இருந்தது.

இந்த நிலையில்தான் வலங்கைமானின் பெயர் உலக அரங்கில் ஒலிக்கலாயிற்று. 1869ஆம் ஆண்டு இவ்வூரில் எளிய வைதிகக் குடும்பத்தில் தோன்றி, கும்பகோணத்தில் கல்வி கற்று, ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கி, கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து, அவருக்குப் பின் அதன் தலைவரான மகாகனம் சீனிவாச சாஸ்திரியார், 1927இல் தென்னாப்பிரிக்காவில் இந்திய சர்க்காரின் முதல் ஏஜெண்டாக அமர்ந்தார். டர்பனில் அவர் பெயரால் எழுந்த கல்லூரி அவருடைய உழைப்புக்குச் சாட்சி. பிறகு 1936 டிசம்பரில் மலாயா சென்று, தோட்டந்தோறும் சுற்றி, தொழிலாளரின் கூலி, குடியிருப்பு, கல்வி, வைத்தியம் முதலியவற்றை விசாரித்து, 1937இல் அறிக்கை வெளியிட்டார். ஆணுக்கு ஐம்பது காசும் பெண்ணுக்கு நாற்பது காசும் என்ற பழைய நாட்கூலியை மீண்டும் தரவேண்டும் என்றார். ஆயினும் ஆட்கள் செல்வதைத் தடுப்பதற்குக் காரணம் இல்லை என்றும் அபிப்பிராயப்பட்டார். மலாயா இந்தியர்கள் இந்த முடிவில் ஏமாற்றமே அடைந்தனர். மிதவாதியான சாஸ்திரியார் துரைமாரின் நல்லெண்ணத்தில் வைத்த நம்பிக்கை மிகையானது என்பதை அடுத்த ஆண்டே காட்டிவிட்டது. ரப்பர் விலை சரிந்து கூலி மறுபடி குறைக்கப்பட்டபோது, 1922ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் தந்த அதிகாரத்தைக்கொண்டு இந்திய சர்க்கார் 1938இல், உதவிப் பணத்தோடு தொழிலாளர் மலாயா செல்வதை நிறுத்தியது. நேட்டாலில் கற்ற பாடம் மறுபடியும் ருசுவாயிற்று.

பிற்காலத்தில் கப்பல் போய் விமானம் வந்தது. கங்காணி போய் ஏஜெண்டு வந்தார். கொயினா போய் இன்ஷூரன்ஸ் அட்டை வந்தது. வைத்தியத்தை வேலையோடு கட்டிய முடிச்சு மட்டும் அவிழவில்லை. அமெரிக்காவில் 1942இல் யுத்தகாலச் சட்டம் கூலி உயர்வைக் கட்டுப்படுத்தியபோது, ஆட்களைக் கவர முதலாளிகள் வைத்தியக் காப்புறுதியைச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்கலாயினர். அந்த வழக்கம் அங்கே நிலைத்துவிட்டதனால், வேலை போன மாதமே வைத்தியமும் ஆட்டம் காண்கிறது. தோட்டத்துப் பெரட்டில் பெயர் விழாமற்போனதற்கும் இதற்கும் வேற்றுமை மிகச் சிறிது. பிரிட்டனில் 1948 முதல் அங்கே வாழ்வோருக்கு இலவசமான தேசிய வைத்திய சேவை, வெளியிலிருந்து தங்க வருகிறவரிடம் 2015 முதல் தனிக் கட்டணம் வாங்குகிறது. ஆண்டுக்கு 200 பவுனாகத் தொடங்கிய அது 2024இல் 1,035 பவுன் ஆயிற்று. சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு முதலாளி எடுக்கவேண்டிய காப்புறுதி பல்லாண்டுக் காலம் ஆண்டொன்றுக்கு 15,000 வெள்ளியாகவே இருந்து, 2023 ஜூலையில்தான் 60,000 வெள்ளியாக உயர்ந்தது. வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் இளைஞர் பல்வலியையும் மூட்டுவலியையும் லீவில் ஊருக்கு வரும்வரை ஒத்திவைப்பதும், கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் அந்தச் சில வாரங்களை ஆசுபத்திரி வாசலில் கழிப்பதும் இதன் விளைவே.

இந்தச் சரித்திரம் முழுவதையும் சேர்த்து நோக்கும்போது தெளிவாவது இதுதான். வெளிநாட்டில் மருந்தின் விலை அதிகம் என்பது குறையின் மேற்புறமே. மூலக்காரணம், வைத்தியம் மனிதனோடு கட்டப்படாமல் அவனுடைய வேலையோடு கட்டப்பட்டிருப்பது. வேலை உள்ளவரை அது இலவசம்போலத் தோன்றும். வேலையோ உடம்போ தளர்ந்த நாளில், அதாவது வைத்தியம் மெய்யாகவே தேவைப்படும் நாளில், அதன் முழு விலையும் தெரியும். தனிமனிதன் எவ்வளவு முன்யோசனையோடு இருந்தாலும் இதை மாற்ற முடியாது. 1871க்குப் பின் நேட்டாலிலும், 1938இல் மலாயாவிலும் நிலைமையை அசைத்தது ஆள் அனுப்பும் நாட்டின் உறுதியே. 1922ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இப்போது 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இருக்கிறது. சில நூறு ரூபாய்ப் பிரீமியத்தில் பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்ற காப்புறுதியும் இருக்கிறது. விபத்தில் மாண்டவனுக்கும் அங்கம் இழந்தவனுக்கும் பத்து லட்ச ரூபாய் அளிக்கும் அந்தத் திட்டம், நோயுற்று உயிரோடிருப்பவனுக்கு அளிப்பது மிகவும் சொற்பம். நம் மக்களின் உழைப்பை வேண்டும் நாடுகளோடு ஒப்பந்தம் செய்யும்போது, கூலிக்கு முன்னதாக வைத்தியத்தைப் பேசவேண்டும். வேலை போனாலும் குணமாகும்வரை சிகிச்சை நீடிக்கவேண்டும் என்ற நிபந்தனையை எழுத்தில் பெறவேண்டும். அதைத் தராத நாட்டுக்கு ஆள் அனுப்ப மறுக்கும் துணிவும் வேண்டும். அதனைச் சர்க்காரிடம் கேட்கவேண்டியவர்கள், பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பணவிடைக்குக் காத்திருக்கும் நாமேயாவோம்.