நகருக்கு ஒரு விதி, தோட்டத்துக்கு ஒரு விதி

ஓர் ஊர் செம்மையாக அமைவது தற்செயலன்று. ஆள்வோர் வகுக்கும் விதிகளும், அவ்விதிகள் எவருக்காக வகுக்கப்பட்டன என்பதுமே அதனை முடிவு செய்கின்றன. சிலாங்கூரின் வரலாறு இதற்கு நல்ல சான்றாகும்.

1822இல் ராபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த திட்டத்தில், கடைவீடுகளின் முன்னே கூரையுடைய தொடர் நடைவழி விடவேண்டும் என விதித்தார். ‘ஐந்தடி’ எனப்படும் அவ்வழக்கம் மலாயாவிலும் பரவிற்று. 1881ஆம் ஆண்டின் தீயாலும் வெள்ளத்தாலும் கோலாலம்பூர் அழிந்தபின், அத்தாப்புக் கூரையை நீக்கிச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டுமாறு சுவெட்டன்ஹாம் பணித்தார். 1890இல் சுகாதார வாரியம் தோன்றியது. 1923இல் நகரத் திட்டச் சட்டம் பிறந்தது.

இவ்விதிகள் யாவும் நகரெல்லையோடு நின்றன. கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களோ துரைமாரின் ஆளுகையில் இருந்தன. 1917இல் ஹென்ரி போக்கொனியே நாட்டின் முதல் வணிகச் செம்பனைச் சாகுபடியைத் தொடங்கிய தென்னமரம் தோட்டம் இங்கேதான் உள்ளது. அதன் பெயர் தமிழ்ப் பெயர். ஆயினும் அக்காலத் தோட்டத் தமிழர் வாழ்ந்தது நெருக்கமான லயங்களிலே.

அந்த லயங்களின்பால் அரசின் பார்வையைத் திருப்பியது நோயே எனலாம். 1901 முதல் கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தின் நீரை வடித்தால் மலேரியா தணியும் எனக் காட்டினார். 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, குடிநீர், மருத்துவம் ஆகியவற்றை நிர்வாகத்தின் கடமையாக்கிற்று. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் பள்ளி அமைக்கவேண்டும் என 1923ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. தோட்டத் தமிழ்ப் பள்ளிகள் பல இவ்விதியின் பயனாகத் தோன்றியவையே. ஆள் குறைந்தால் பால் குறையும் என்ற அச்சமும், இந்திய அரசின் வற்புறுத்தலும் இவற்றின் பின்னே இருந்தன.

1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி, அவசரகாலத்தில் லயங்கள் முள்வேலிக்குள் ஒருங்கு சேர்க்கப்பட்டன. வசதி நோக்கியன்று, காவல் நோக்கியே அவ்வமைப்பு எழுந்தது. பின்னர் 1966ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்கு மாற்றாக வந்த 1990ஆம் ஆண்டுச் சட்டமும் வீட்டின் குறைந்தபட்சத் தரத்தை வரையறுத்தன. குழந்தைக் காப்பகத்துக்கும் பிந்திய சட்டம் வழி செய்தது.

எனினும், இவற்றுள் எதுவும் தொழிலாளிக்கு அவ்வீட்டைச் சொந்தமாக்கவில்லை. வேலை போனால் வீடும் போயிற்று. தோட்டங்கள் கைமாறி வீடமைப்புப் பகுதிகளாகத் தொடங்கியபோது இக்குறை வெளிப்பட்டது. 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்திலும், தலைமுறைகளாக உழைத்தவர்கள் சொந்த வீடு கேட்டு நெடுங்காலம் போராட நேர்ந்தது.

1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டச் சட்டம், வட்டாரத் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது கருத்தும் மறுப்பும் கூறும் உரிமையை அளிக்கிறது. முன்னோர்க்கு இல்லாத உரிமை இது. கோலசிலாங்கூர் ஊராட்சி 2021இல் நகராண்மைக் கழகமாக உயர்ந்துள்ள இக்காலத்தில், அவ்வரைவைப் படித்துப் பிறர்க்கும் விளக்குவது கற்றோர் கடமையாகும்.