இரட்டை விண்மீனின் சேய்மைநிலை

ஒரு விண்மீனை மற்றொன்று சுற்றிவரும் பாதை பெரும்பாலும் நீள்வட்டம். அதில் இரண்டும் மிக விலகி நிற்கும் இடத்தை மேனாட்டு வானநூலார் 'அபாஸ்ட்ரன்' என்பர். நாம் சேய்மைநிலை என்போம். அவ்விடத்தைக் கண்ணால் கண்டு குறித்துவிட இயலாது. கணக்கிட்டே அறிதல் வேண்டும். கணக்கிற்கோ பல தலைமுறையினரின் குறிப்புகள் வேண்டும்.

ஆல்பா சென்டாரியை எடுத்துக்கொள்வோம். 1689 டிசம்பரில் புதுச்சேரியில் வால்மீன் ஒன்றை நோக்கிக்கொண்டிருந்த ரிஷோ என்னும் ஏசுசபைப் பாதிரியார், இவ்விண்மீன் ஒன்றன்று, இரண்டு எனக் கண்டார். அவை ஒன்றையொன்று சுற்றுகின்றன என எண்ண அவருக்குக் காரணமில்லை. இரட்டை விண்மீன்களுள் சில அவ்வாறு சுற்றுவதை வில்லியம் ஹெர்ஷல் 1803-இல்தான் எடுத்துக்காட்டினார். அவர் மைந்தர் ஜான் ஹெர்ஷல் 1834-இல் நன்னம்பிக்கை முனையிலிருந்து ஆல்பா சென்டாரியின் இரு மீன்களையும் நுண்ணளவு செய்தார்.

இன்றைய கணக்கின்படி, அவ்விரண்டும் அப்போது சேய்மைநிலையை அணுகிக்கொண்டிருந்தன. அதை அவர் அறிய வழியில்லை. அப்பகுதியில் மீன்கள் மிக மெதுவாகவே நகரும். சுற்றுக்காலம் ஏறத்தாழ 80 ஆண்டு. கையிலிருந்த நுண்ணளவுகளோ சில ஆண்டுகளுக்கே உரியவை. அளவையில் சிறு பிழை நேரினும் பாதை முழுதும் மாறிவிடும். அந்நிலையிலும் பாதையைக் கணிக்க முனைந்தவர்களுள் ஒருவர், புனாவில் இரட்டை மீன்களை ஆராய்ந்து, பின்னர்ச் சென்னை வான்நோக்கு நிலையத்தின் தலைவரான ஜேக்கப். அவருடைய துணிவை நாம் வியக்கிறோம்.

மற்றொரு சிக்கலும் உண்டு. பாதை நமக்குச் சாய்ந்து தெரிவதால், மீன்கள் மிக விலகித் தோன்றும் காலமும் உண்மையில் மிக விலகும் காலமும் வேறு. வானில் அவை மிக விலகித் தோன்றியது 1976-இல். உண்மைச் சேய்மைநிலை நேர்ந்ததோ 1995-இல். அப்போது அவற்றின் இடைவெளி, சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தொலைவைப்போல் ஏறத்தாழ 36 மடங்கு. 1955-இல் நெருங்கியபோது 11 மடங்கே. அடுத்த சேய்மைநிலை 2075-இல்.

ஜூன் நடுவில் இரவு 9 மணியளவில் சென்னையில் இதனைத் தென்திசையில் 16 பாகை உயரத்தில் காணலாம். மும்பையில் அது அரைமணிக்குப் பின் 10 பாகை உயரத்தை எட்டும். கல்கத்தாவில் 7 பாகைக்குள்தான். தில்லியில் வாழும் நேயர்களுக்கோ அது அடிவானத்தைவிட்டு ஒரு பாகைகூட எழுவதில்லை, புழுதியிலேயே மறைந்துவிடும்.