கிராஃபைட் ஆகும் கரியும் ஆகாத கரியும்

கரிமச் சேர்மங்களைக் காற்றுப் படாமல் சூடாக்கினால் கரி எஞ்சும். அந்தக் கரியை 3,000 பாகை செல்சியஸ் வரை கொண்டுபோனால் சில வகை படிக ஒழுங்குள்ள கிராஃபைட்டாகிவிடுகின்றன. வேறு சில, அதே உலையில் அதே வெப்பத்தில் வைத்தாலும், ஆவதில்லை. பெட்ரோலியக் கல்கரியும் பிவிசி பிளாஸ்டிக்கின் கரியும் முதல் வகை. சர்க்கரைக்கரி, தேங்காய்ச் சிரட்டைக்கரி, பாலிவினைலிடீன் குளோரைடின் கரி ஆகியவை இரண்டாம் வகை. இந்தப் பாகுபாட்டை எக்ஸ் கதிர் ஆய்வால் நிறுவியவர் ரோசலிண்ட் பிராங்க்ளின் (1920–1958). 1951இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளியான அவரது கட்டுரை இத்துறையின் அடிப்படை ஆக்கங்களில் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது.

கிராஃபைட்டில் ஒவ்வொரு கார்பன் அணுவும் ஒரே தளத்தில் மூன்று அணுக்களோடு பிணைந்து அறுகோண வலையாக விரிகிறது. வலைக்குள் அணுக்களுக்கு இடையே 0.142 நானோமீட்டர், ஒரு வலைக்கும் அடுத்த வலைக்கும் இடையே 0.335 நானோமீட்டர். வலைக்குள் பிணைப்பு மிக வலுவானது, வலைகளுக்கு இடையே மிக மெலிந்தது. பென்சில் எழுதுவதற்கும், கிராஃபைட் மசகுப் பொருளாக உதவுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். வலைகள் ஒன்றுவிட்டு ஒன்று சற்று நகர்ந்து அடுக்கப்பட்டிருப்பதை 1924இல் படிகவியலாளர் ஜே. டி. பெர்னல் ஒற்றைப் படிகத்தைக் கொண்டு உறுதிசெய்தார். இலங்கையின் போகல, கஹடகஹ சுரங்கங்களில் பாறைப் பிளவுகளுக்குள் நரம்பாக ஓடும் கிராஃபைட் இந்த ஒழுங்குக்கு இயற்கை தரும் மிகத் தூய சான்றுகளில் ஒன்று.

கரியில் இந்த ஒழுங்கு எவ்வளவு இருக்கிறது என்பதே பிராங்க்ளின் எடுத்துக்கொண்ட கேள்வி. போர்க்காலத்தில், 1942 முதல், பிரிட்டிஷ் நிலக்கரிப் பயன்பாட்டு ஆய்வுச் சங்கத்தில் அவர் வேலை பார்த்தார். ஒரே நிலக்கரியின் அடர்த்தியை ஹீலியம், மெத்தனால், பென்சீன் என்று வெவ்வேறு பொருள்களில் அளந்தபோது வெவ்வேறு எண்கள் வந்தன. ஹீலியம் நுழையும் நுண்துளைகளின் வாயிலில் பெரிய மூலக்கூறுகள் தடைபட்டு நிற்கின்றன என்று அவர் விளக்கினார். மூலக்கூறுகளைப் பருமன் பார்த்துப் பிரிக்கும் சல்லடைக் கரிகளுக்கு அடிப்படை இந்தப் பண்புதான்.

1947இல் பாரிஸ் சென்று, ஜாக் மெரிங்கின் ஆய்வுக்கூடத்தில் எக்ஸ் கதிர் நுட்பத்தைக் கற்றார். கரி தரும் எக்ஸ் கதிர்ப் படத்தில் கூர்மையான கோடுகள் இருக்காது. பரவிக் கலைந்த பட்டைகளே தெரியும். பலர் தோராயமாக விட்டுவிட்ட அந்தப் பட்டைகளின் செறிவைப் புள்ளி புள்ளியாக அளந்து கணக்கிட்டார். 1,000 பாகையில் தயாரித்த பாலிவினைலிடீன் குளோரைடு கரியில் 65 விழுக்காடு கார்பன், சராசரி 1.6 நானோமீட்டர் விட்டமுள்ள சின்னஞ்சிறு கிராஃபைட் வலைகளாக இருப்பதாகவும், மீதி ஒழுங்கற்றுக் கிடப்பதாகவும் 1950இல் அறிவித்தார். அந்த வலைகளில் பாதிக்குச் சற்று மேல் இரண்டிரண்டாக இணையாக நின்றன. அவற்றின் இடைவெளி 0.37 நானோமீட்டர். கலங்கலான ஒரு படத்திலிருந்து இத்தனை துல்லியமான எண்களை எடுத்தது பெரும் சாதனை. அவருக்குப் பெயர் தந்த டிஎன்ஏ ஆய்வில் அவர் இருந்தது இரண்டு ஆண்டு சொச்சம்; கார்பனோடு அதைவிடப் பல ஆண்டுகள் கழித்தார். அவரைப் பற்றிப் பேசும்போது இந்தப் பகுதியை ஓரிரு வரியில் கடந்துபோவது அவருக்குச் செய்யும் அநீதி.

அவரது முடிவுகளில் ஆழமானது, கரியின் தலைவிதி உயர்வெப்பத்தில் அல்ல, தொடக்கத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பது. ஹைட்ரஜன் நிறைந்த மூலப்பொருள் சூடேறும்போது இளகி, தார் போன்ற நிலையைக் கடக்கிறது. அப்போது வலைத் துணுக்குகள் நகர்ந்து ஏறக்குறைய இணையாக அமர நேரம் கிடைக்கிறது. பின்னர் வெப்பம் கூடும்போது அவை சேர்ந்து வளர்கின்றன. ஆக்சிஜன் மிகுந்த, அல்லது ஹைட்ரஜன் குறைந்த மூலப்பொருள் இளகுவதே இல்லை. குறைந்த வெப்பத்திலேயே துணுக்குகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் விழுந்து, தாறுமாறான கோணங்களில் அவற்றைப் பூட்டிவிடுகின்றன. அந்தக் கரி கடினமாகவும் துளைகள் நிறைந்தும் இருக்கும். சிரட்டைக்கரி தண்ணீர் வடிகட்டிகளில் சிறப்பாக வேலை செய்வதற்கு இந்தத் துளைகளே காரணம்.

இளகிய நிலையில் நடப்பதை 1965இல் ஆஸ்திரேலியாவின் புரூக்ஸ், டெய்லர் இருவரும் விவரித்தார்கள். ஒளிமுனைவு நுண்ணோக்கியில் பார்த்தால், கருந்தாருக்குள் நுண்ணிய கோளங்கள் தோன்றி, எண்ணெய்த் துளிகள்போல் ஒன்றோடொன்று சேர்ந்து பெருகுவது தெரியும். திரவப் படிக நிலையிலுள்ள அந்தக் கோளங்களில் மூலக்கூறுகள் முன்கூட்டியே இணையாக அடுக்கப்பட்டிருக்கின்றன.

ஒழுங்கை அளக்க உதவுவது வலைகளின் இடைவெளி. கிராஃபைட் ஆகும் கரிகளில், முற்றிலும் ஒழுங்கற்ற அடுக்கில் அது 0.344 நானோமீட்டர், முழு கிராஃபைட்டில் 0.3354. மாதிரி ஒன்று இந்த இரண்டு எண்களுக்கு நடுவே எங்கே நிற்கிறது என்பதைக் கொண்டே அது எவ்வளவு கிராஃபைட்டாகியிருக்கிறது என்று ஆய்வுக்கூடங்களில் இன்றும் கணக்கிடுகிறார்கள்.

தொழிலிலும் இந்தப் பாகுபாடு முக்கியம். மின்வில் உலையில் எஃகு உருக்கும் மின்முனைகளைச் செய்ய முதல் வகைக் கரி வேண்டும். செயற்கை கிராஃபைட் செய்யும் முறைக்கு எட்வர்டு அச்சிசன் 1896இல் காப்புரிமை பெற்றார். லித்தியம் அயனி மின்கலத்தில் கிராஃபைட் ஆறு கார்பனுக்கு ஒரு லித்தியம் வீதம் ஏற்கும். கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் மணி. சோடியத்தை அது அவ்வளவாக ஏற்பதில்லை. அங்கே கிராஃபைட் ஆகாத கடினக் கரியே கைகொடுக்கிறது. சோடியம் அயனி மின்கலங்களின் எதிர்மின்முனையாக அது வந்துவிட்டது. சோடியம் வலைகளுக்கு இடையே எவ்வளவு புகுகிறது, துளைகளில் எவ்வளவு நிரம்புகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. 3,000 பாகையிலும் இந்தக் கரி இணங்காததற்குக் குறுக்குப் பிணைப்பு மட்டும் காரணமல்ல, வலைகளில் கலந்துள்ள ஐங்கோணங்கள் அவற்றைப் பந்து வடிவ கார்பன் மூலக்கூறான ஃபுல்லரீன்போல வளைத்துவிடுவதும் காரணம் என்று பீட்டர் ஹாரிஸ் 1997இல் முன்வைத்த கருத்தும் விவாதத்தில் இருக்கிறது.