'ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கினா சைக்கிள்!' - பிள்ளைகளுக்குப் பரிசு ஆசை காட்டினால் என்ன ஆகும்? மார்ஷ்மெல்லோ சோதனை உண்மையில் சொன்னது என்ன?

"சாப்பிட்டு முடிச்சா போன் தர்றேன்." "ஹோம்வொர்க் முடிச்சாதான் டிவி." "ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கினா சைக்கிள்."

இதில் ஒன்றையாவது சொல்லாத வீடு இருக்காது. சொன்னால் பெரும்பாலும் வேலையும் நடந்துவிடுகிறது. அப்புறம் என்ன பிரச்னை?

இந்தக் கேள்வியோடு உளவியல் ஆய்வாளர்கள் 50 ஆண்டுகளுக்கும் மேலாக மல்லுக்கட்டி வருகிறார்கள். அதில் ரொம்பப் பிரபலமானது 'மார்ஷ்மெல்லோ சோதனை'. 'இனிப்பைத் தொடாமல் காத்திருந்த குழந்தைதான் வாழ்க்கையில் ஜெயிக்கும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கதை இதுதான். அந்தக் கதையில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியில்தான் பெற்றோருக்குத் தேவையான விஷயம் இருக்கிறது.

மார்ஷ்மெல்லோ சோதனை என்றால் என்ன?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தில் பிங் நர்சரி பள்ளி என்று ஒன்று உண்டு. 1960களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும் அங்கு படித்த சுமார் 4 வயதுக் குழந்தைகளை வைத்து உளவியலாளர் வால்டர் மிஷல் இந்தச் சோதனையைச் செய்தார்.

மார்ஷ்மெல்லோ என்பது பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும் ஓர் இனிப்பு. (எல்லா குழந்தைக்கும் அதையே கொடுக்கவில்லை. பிஸ்கட் மாதிரி வேறு தின்பண்டங்களும் இருந்தன. பெயர் மட்டும் இதற்கு நிலைத்துவிட்டது.) குழந்தையைத் தனி அறையில் உட்கார வைத்து, "நான் வெளியே போய்ட்டு வர்றேன். நான் வர்ற வரைக்கும் காத்திருந்தா உனக்கு 2 கிடைக்கும். காத்திருக்க முடியலைன்னா மணி அடி, உடனே வந்துடுவேன். ஆனா 1 தான் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதிகபட்சக் காத்திருப்பு 15 நிமிடம்.

மிஷலின் முதல் கேள்வி, எந்தக் குழந்தை கெட்டிக்காரக் குழந்தை என்பது அல்ல. எப்படிப்பட்ட சூழலில் ஒரு குழந்தையால் காத்திருக்க முடிகிறது என்பதுதான். 1970இல் வெளியான ஆய்வில் அதற்குப் பளிச்சென்று பதில் கிடைத்தது. தின்பண்டங்கள் கண் முன்னால் இருந்தபோது குழந்தைகள் சராசரியாக சுமார் 1 நிமிடம் தாக்குப்பிடித்தார்கள். கண்ணில் படாமல் எடுத்து வைத்தபோது 11 நிமிடத்துக்கு மேல்!

ஒரே பள்ளி, ஒரே வயது, ஒரே மாதிரியான குழந்தைகள். பண்டம் இருந்த இடம் மட்டும்தான் வேறு. பிறகு வந்த சோதனைகளில், ஜாலியான வேறு விஷயத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னபோதும், மார்ஷ்மெல்லோவை ஒரு வெள்ளை மேகமாகக் கற்பனை செய்யச் சொன்னபோதும் குழந்தைகள் அதிக நேரம் காத்திருந்தார்கள். அதாவது, பல்லைக் கடித்துக்கொண்டு ஆசையை அடக்கியவர்கள் அல்ல, கவனத்தை வேறு பக்கம் திருப்பத் தெரிந்தவர்கள்தான் காத்திருந்தார்கள்.

மேஜை மேல் போனை வைத்துவிட்டு "தொடாதே, படி" என்று சொல்கிற வீடுகளில் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

'காத்திருந்தவர்கள் ஜெயித்தார்கள்' என்ற கதை எங்கிருந்து வந்தது?

மிஷலின் மகள்களும் அதே பிங் பள்ளியில் படித்தவர்கள். அவர்கள் வளர வளர, "உன் கூடப் படிச்ச அந்தப் பையன் இப்போ எப்படிப் படிக்கிறான்?" என்று பேச்சுவாக்கில் விசாரித்தபோது மிஷலுக்குப் பொறி தட்டியது. அப்படித்தான் பழைய குழந்தைகளைத் தேடிப் பிடிக்கும் வேலை தொடங்கியது.

1990இல் வெளியான ஆய்வில், 4 வயதில் அதிக நேரம் காத்திருந்தவர்கள் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் கூடுதல் மதிப்பெண் எடுத்திருந்தது தெரியவந்தது. உலகம் பிடித்துக்கொண்டது இந்த வரியைத்தான். ஆனால், சோதனையில் கலந்துகொண்ட 600க்கும் மேற்பட்டவர்களில், அந்த முக்கியமான தொடர்பு கிடைத்த பிரிவில் எஸ்ஏடி மதிப்பெண் கைவசம் இருந்தது வெறும் 35 பேருக்கு. அவர்களும் ஒரு பெரிய பல்கலைக்கழக வளாகத்துப் பள்ளியில் படித்த பிள்ளைகள்.

2018இல் டைலர் வாட்ஸ், கிரெக் டங்கன், ஹாவோனன் குவான் ஆகிய மூவர் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளை எடுத்து இதை மறுபடி சோதித்தார்கள். இந்த முறை பட்டப்படிப்பு படிக்காத தாய்மார்களின் பிள்ளைகள் மீது தனிக் கவனம். காத்திருந்த நேரத்துக்கும் 15 வயதில் எடுத்த மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இருந்தது. ஆனால், பழைய ஆய்வில் இருந்ததில் பாதி அளவுதான். குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், சிறு வயதிலேயே இருந்த அறிவுத்திறன் ஆகியவற்றையும் கணக்கில் எடுத்தபோது, அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போய்விட்டது.

சுயக்கட்டுப்பாடே முக்கியமில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 பேரைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். சிறு வயதில் சுயக்கட்டுப்பாடு அதிகம் இருந்தவர்களின் உடல்நலமும் பணநிலைமையும் 32 வயதில் மேலாக இருந்ததாக அந்த ஆய்வு 2011இல் சொன்னது. ஆனால் அங்கே 3 வயது முதல் 11 வயது வரை பெற்றோர், ஆசிரியர், ஆய்வாளர்கள் எனப் பலரும் கவனித்துச் சொன்னதை வைத்துக் கணக்கிட்டார்கள். 15 நிமிடத்தையும் ஒரு மிட்டாயையும் வைத்து ஒரு பிள்ளையின் தலையெழுத்தைச் சொல்ல முடியாது.

காத்திருக்காத குழந்தை, ஒருவேளை சரியாகத்தான் கணக்குப் போட்டதோ?

இந்தத் துறையில் என்னை ரொம்ப யோசிக்க வைத்த ஆய்வு ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் செய்தது. 2013இல் வெளியானது. வீடில்லாத குடும்பங்கள் தங்கும் காப்பகம் ஒன்றில் கிட் முன்பு தன்னார்வலராக இருந்தவர். எல்லாரும் ஒரே இடத்தில் நெருக்கியடித்து வாழும் அந்த மாதிரி இடத்தில், கையில் இருக்கும் பொருளை எந்த நேரத்திலும் இன்னொருவர் எடுத்துவிடலாம். அங்கே வளரும் குழந்தை இனிப்பைப் பார்த்தால் என்ன செய்யும்? உடனே சாப்பிடும். அது பேராசையா, இல்லை அனுபவமா?

இதைச் சோதிக்க 3 முதல் 5 வயதுள்ள 28 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். முதலில் பழைய கிரேயான்களைக் கொடுத்து, "கொஞ்ச நேரம் பொறு, இதைவிட நல்லதா எடுத்துட்டு வர்றேன்" என்றார்கள். பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடி புத்தம்புதுப் பொருட்கள் வந்தன. மீதிப் பேரிடம், "ஸாரி, எங்ககிட்ட வேற இல்லை" என்று வெறுங்கையோடு வந்து நின்றார்கள். அடுத்து ஸ்டிக்கர். அதிலும் இதே கதை. மூன்றாவதாகத்தான் மார்ஷ்மெல்லோ.

சொன்ன சொல்லைக் காப்பாற்றிய பெரியவரைப் பார்த்த குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்ட குழந்தைகள் காத்திருந்தது 3 நிமிடம். முதல் குழுவில் 14 பேரில் 9 பேர் கடைசி வரை பொறுத்தார்கள். இரண்டாவது குழுவில் ஒரே ஒருவர்.

குழந்தைகளின் மன உறுதியை யாரும் மாற்றவில்லை. இரண்டு தடவை வாக்குத் தவறினார்கள், அவ்வளவுதான். 'ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை' என்று சுலபமாகப் பேசிவிடுகிறோமே, அந்தப் பேச்சு இந்த 28 குழந்தைகளுக்கு முன்னால் நிற்காது. நாளைக்குக் கிடைக்கும் என்ற நிச்சயம் இல்லாதபோது இன்றைக்கே எடுத்துக்கொள்வது பொறுமையின்மை அல்ல, கணக்கு.

ஊருக்கு ஊர் பொறுமையும் மாறும்

2022இல் ஜப்பானின் கியோட்டோவிலும் அமெரிக்காவின் போல்டர் நகரிலும் ஒரே சோதனையை இரண்டு விதமாகச் செய்தார்கள். தின்பண்டம் வைத்தபோது ஜப்பான் குழந்தைகள் அதிக நேரம் பொறுத்தார்கள். சுற்றிக்கட்டிய பரிசுப் பெட்டியை வைத்தபோது அப்படியே தலைகீழ், அமெரிக்கக் குழந்தைகள்தான் அதிகம் பொறுத்தார்கள். காரணம் பழக்கம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஜப்பானில் எல்லாருக்கும் பரிமாறும் வரை சாப்பிடக் கூடாது. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் பரிசுகளை அந்த நாள் வரும் வரை பிரிக்கக் கூடாது.

நம்ம ஊரில் விநாயகர் சதுர்த்தி அன்று, சாமிக்குப் படைக்கும் வரை கொழுக்கட்டையைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வரும் வாண்டுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை.

சரி, பரிசு கொடுக்கலாமா, கூடாதா?

இதற்குப் பதில் தேட மறுபடியும் அதே பிங் நர்சரி பள்ளிக்குத்தான் போக வேண்டும். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வு அங்கே நடந்தது.

மார்க்கர் பேனாவில் படம் வரைய ஏற்கனவே ஆசையுள்ள குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து மூன்றாகப் பிரித்தார்கள். முதல் குழுவிடம், "படம் வரைஞ்சா தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வெச்ச சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாவது குழுவிடம் எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்ததும் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் கிடையாது.

ஒன்றிரண்டு வாரம் கழித்து, வகுப்பில் விளையாட்டு நேரத்தில் அதே மார்க்கர்களை வைத்தார்கள். இப்போது பரிசு எதுவும் இல்லை. மூன்றாவது குழு தங்கள் நேரத்தில் சுமார் 17 சதவீதத்தையும், எதிர்பாராமல் பரிசு பெற்றவர்கள் சுமார் 18 சதவீதத்தையும் வரைவதில் செலவிட்டார்கள். முன்கூட்டியே பேரம் பேசி வரைந்தவர்கள்? 9 சதவீதத்துக்கும் குறைவு. கிட்டத்தட்ட பாதி.

தமிழில் பரிசு வேறு, கூலி வேறு. இரண்டு குழுவுக்கும் கிடைத்தது ஒரே சான்றிதழ்தான். எதிர்பாராமல் வந்தது பரிசாக இருந்தது. பேசி முடித்து வாங்கியது கூலியாக மாறிவிட்டது. கூலி நின்றதும் வேலையும் நின்றது.

இது பேச்சு முழுதாக வராத வயதிலேயே தொடங்கிவிடுகிறது. ஜெர்மனியில் பெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டொமாசெல்லோ இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், 20 மாதக் குழந்தைகள் கீழே விழுந்த பொருளை எடுத்துக் கொடுத்து உதவினார்கள். உதவியதற்குப் பொருளாகப் பரிசு வாங்கிய குழந்தைகள், பரிசு நின்ற பிறகு மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவினார்கள். வாய் வார்த்தையில் பாராட்டியதால் அப்படி எந்தக் கெடுதலும் வரவில்லை.

இதை வைத்து 'பரிசே கூடாது' என்று முடிவு கட்டவும் முடியாது. லெப்பர் தேர்ந்தெடுத்தது ஏற்கனவே வரையப் பிடித்த குழந்தைகளை. பிடிக்கவே பிடிக்காத வேலையில் குறையப்போகும் ஆர்வம் என்று ஒன்று கிடையாது. வாய்ப்பாடு மனப்பாடம் செய்ய அழுகிற பிள்ளைக்கு ஆரம்பத்தில் ஒரு சின்ன ஊக்கம் உதவலாம். தானாகவே கதைப்புத்தகம் படிக்கிற பிள்ளையிடம் "புக்குக்கு பத்து ரூபாய்" என்று ஆரம்பித்தால்தான் வம்பு.

எதற்குக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். பொருளாதார நிபுணர் ரோலண்ட் ஃப்ரையர் அமெரிக்க நகரங்களில் மாணவர்களுக்கு நிஜமாகவே பணம் கொடுத்துச் சோதித்தார். நியூயார்க்கில் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பணம். மதிப்பெண் உயரவில்லை. டல்லாஸில் 2ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஒரு புத்தகம் படித்து அதற்கான வினாடி வினாவில் தேறினால் 2 டாலர். ஆங்கிலவழிப் பிள்ளைகளின் வாசிப்புத் திறன் முன்னேறியது, ஸ்பானிஷ் வழியில் தேர்வு எழுதியவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. நியூயார்க் மாணவர்களிடம் "இன்னும் அதிகம் சம்பாதிக்க என்ன செய்யலாம்?" என்று கேட்டபோது, கேள்வியைக் கவனமாகப் படிப்பது போன்ற தேர்வு உத்திகளைத்தான் பெரும்பாலும் சொன்னார்கள். பாடத்தைப் படிப்பது, ஆசிரியரிடம் சந்தேகம் கேட்பது அவ்வளவாக வரவில்லை. அவர்களுக்குப் பணம் வேண்டும். மதிப்பெண்ணை எப்படி உயர்த்துவது என்றுதான் தெரியவில்லை. 'ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கினா சைக்கிள்' என்பதில் உள்ள சிக்கலும் இதேதான். ரேங்க் பிள்ளையின் கையில் மட்டும் இல்லை, பக்கத்து பெஞ்சுப் பிள்ளையின் கையிலும் இருக்கிறது. 'தினமும் அரை மணி நேரம் கணக்குப் போடு' என்பது அவன் கையில் இருக்கும் விஷயம்.

'ஏற்கனவே சைக்கிள் வாங்கித் தர்றேன்னு சொல்லியாச்சு. இப்போ என்ன பண்றது?'

சொன்ன நிபந்தனையைப் பிள்ளை முடித்துவிட்டால், சொன்ன நாளில் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். "போன வாரம் தம்பிய அடிச்சல்ல, அதனால கேன்சல்" என்று புது நிபந்தனை சேர்க்க வேண்டாம். கையில் காசு இல்லை என்றால், ரிசல்ட் வரும் வரை இழுக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடலாம். சைக்கிள் முடியாவிட்டால் என்ன முடியும், எந்த மாதம் முடியும் என்று தெளிவாகச் சொல்லி, அந்த மாதத்தில் அதைச் செய்துவிடுங்கள்.