நன்னூல் ஒலித்த வகுப்பறைகள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலம், நாமக்கல் பகுதி உயர்நிலைப்பள்ளி மாணாக்கர்க்குத் தமிழ் இலக்கணம் என்றாலே நன்னூல்தான். 462 நூற்பாக்களுள் பாடத்துக்குரியவற்றை மனனம் செய்து ஒப்பித்தல் நாட்கடன். பிழையின்றி ஒப்பித்தவன் தலைநிமிர்ந்து அமர்வான். தடுமாறியவன் பெஞ்சின்மேல் நிற்பான்.

நூலாசிரியர் பவணந்தி முனிவர் நம் சமணத் துறவி. கொங்கு நாட்டுச் சீனாபுரமே அவரூர் என்பது நெடுநாள் வழக்கு. ஆயினும் மாணாக்கர் பலர் கையிலும் இருந்தது ஆறுமுக நாவலரின் காண்டிகையுரை. நாவலர் பெரும்புலவர், ஐயமில்லை. எனினும் அழுத்தமான சைவர். எழுத்ததிகாரத் தொடக்கத்தில் அசோகின் நிழலில் வீற்றிருக்கும் நான்முகனைப் பிரமன் என்றெண்ணிக் கடந்த சிறுவர் பலராதல் வேண்டும். சமவசரணத்தில் நாற்றிசையோர்க்கும் திருமுகம் காட்டியமரும் அருகப்பெருமானையன்றோ முனிவர் வணங்கினார்! நம் இல்லத்துப் பிள்ளைகளுக்கு அது சொல்லாமலே விளங்கியிருக்கும். வகுப்பில் எழுந்து சொல்லத் துணிந்தார்களா என்பது வேறு.

சமணராகிய மயிலைநாதர் வரைந்த பழைய உரையை உ.வே. சாமிநாதையர் 1918இல் அச்சேற்றினார். அதன்பின், விரும்பிய தமிழாசிரியர் அவ்வுரையைக் கையிலேந்தியே பாடஞ்சொல்ல வழி பிறந்தது.