பாளையம்: கொத்தளம் காத்தவர்களின் சொல்

போடிநாயக்கனூரில் அரண்மனைக்கு வழி கேட்டால் ‘ஜமீன் அரண்மனை’ என்றுதான் காட்டுவார்கள். ஜமீன் பிற்காலச் சொல், வரி கட்டுகிறவனின் சொல். அதற்கு முன் இங்கே இருந்தது பாளையம்.

பாளையம் என்றால் படை இறங்கித் தங்கும் இடம். பழந்தமிழ் அதைப் பாசறை என்றது, பாடி என்றது. தெலுங்கு, கன்னடத்திலும் இந்தச் சொல்லுக்கு உறவுச் சொற்கள் உண்டு. மூலப்பொருளை மாற்றாமல் வைத்திருப்பது தமிழ் விவிலியம்: அதில் இஸ்ரவேலர் வனாந்தரத்தில் ‘பாளயமிறங்குகிறார்கள்’.

பதினாறாம் நூற்றாண்டில் மதுரையில் விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள் என்பது மரபு. மதுரைக் கோட்டைக்குக் கொத்தளங்களும் 72. ஒவ்வொன்றின் காவலும் ஒரு பாளையக்காரர் பொறுப்பு. ஏலமலை அடிவாரத்துப் போடி நாயக்கரும் அவர்களில் ஒருவர். ஊரில் வசூலாவதில் ஒரு பங்கு மதுரைக்கு, ஒரு பங்கு படைக்கு, மீதி தமக்கு. மதுரை நாயக்கர்கள் மதிலையே பங்கு போட்டு, மலையடிவாரத் தலைவனையும் தலைநகரின் காவலுக்குக் கட்டுப்படுத்தினார்கள். இந்த ஏற்பாட்டின் நுட்பம் என்னை வியக்க வைக்கிறது.

இப்படித்தான் படை தங்கிய இடத்தைக் குறித்த சொல், படை வைத்திருப்பவனின் நிலத்துக்கும் பெயராயிற்று. திருட்டுக்குப் பொறுப்பேற்கும் தேசகாவலும் ஊர்க்காவலும் பாளையக்காரரிடமே இருந்தன. ஆங்கிலேயர் ‘போலிகர்’ என்று எழுதி அவரைக் கலகக்காரர் ஆக்கினார்கள். நம் பாடநூல்களும் 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதை அழுத்திச் சொல்கின்றன, மதில் காத்த கடமையைப் போகிற போக்கில் சொல்கின்றன. அது சரியல்ல. ஆயுதம் ஏந்தும் உரிமை அந்தக் கடமையிலிருந்து வந்தது. அதைப் பறிக்க வந்தபோதுதான் போர் மூண்டது.

1801க்குப் பின் படைகள் கலைக்கப்பட்டன. 1802ஆம் ஆண்டு நிலையான நிலவரித் திட்டத்தின் வழியே பாளையங்கள் ஜமீன்களாயின. 1840ஐ ஒட்டி ஆட்சியர் பிளாக்பர்ன் மதுரை மதிலையே இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அங்கே எழுந்தவை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீனையும் ஒழித்தது.

பக்கத்து உத்தமபாளையம் தன் பெயரில் பாளையத்தை வைத்திருக்கிறது. போடியின் பெயரில் நின்றது நாயக்கர் மட்டுமே.